குரு இல்லாத 29 வருசம்

திருவருகைக் காலத்தின் நாலு ஞாயிறும் எங்கட கோயில்களில் கேட்கிற பிரசங்கம் அநேகமாக ஒன்றுதான். காத்திருங்கள், பொறுமையாக இருங்கள், ஆண்டவர் தமது நேரத்தில் வருவார். நாலு மெழுகுதிரியும் எரிந்து முடிய நத்தார் வந்துவிடும். முடிகிற திகதி கலண்டரிலேயே சிவப்பில் போட்டிருக்கிற காத்திருப்பு அது. அப்படிக் காத்திருப்பதில் பெரிய கஷ்டம் இல்லைத்தானே.

முடிகிற திகதி தெரியாமல் காத்திருந்த சனத்தைப் பற்றித்தான் இங்கே கதைக்கப் போகிறோம். அவர்கள் பைபிளில் வருகிற ஆட்கள் இல்லை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருந்த, எங்கட பாட்டன் பூட்டன்மார். 1658இல் ஒல்லாந்தர் வந்ததில் இருந்து 1687இல் யோசப் வாஸ் அடிகளார் வந்து இறங்கும்வரை, ஏறத்தாழ 29 வருசம், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்கு நிலையாக ஒரு குரு இருக்கவில்லை. வாஸ் அடிகளாரின் கதை எல்லாருக்கும் தெரியும். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார், அன்று பின்னேரமே மடுவுக்கும் போனார். மறைக்கல்வி வகுப்பில் படித்த பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அவருடைய படம் நினைவிருக்கும். ஆனால் அவர் வருவதற்கு முன்னான அந்த 29 வருசத்தைப் பாடப் புத்தகங்கள் ஒரு வசனத்தில் கடந்துவிடும். "கத்தோலிக்கர்கள் துன்புற்றனர்", அவ்வளவுதான். எங்களுக்கு அந்த ஒரு வசனத்துக்குள் என்ன இருந்தது என்பதுதான் பெரிய கேள்வி.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1658 ஜூனில், மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த முற்றுகைக்குப் பிறகு, யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. மன்னார் அதற்கு முன்னமே, அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே விழுந்திருந்தது. போர்த்துக்கேயக் குருமார் நாடு கடத்தப்பட்டார்கள். அதே ஆண்டில் கோட்டையைத் திரும்பப் பிடிப்பதற்கான சதி ஒன்று வெளிப்பட்டது. அது தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்று இயேசு சபைக் குரு ஒருவரின் தலையையும் ஒல்லாந்தர் வெட்டினார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்ற கட்டளையும் வந்தது. ஒல்லாந்தருக்கு இது வெறும் சமயப் பிரச்சினை இல்லை. கத்தோலிக்கன் என்றால் போர்த்துக்கேயனின் ஆள், நாளைக்கு முதுகில் குத்தக்கூடியவன் என்பதுதான் அவர்களின் கணக்கு. கோயில்களில் இருந்த சுரூபங்களும் பீடங்களும் அகற்றப்பட்டு, அதே கட்டடங்கள் சீர்திருத்தச் சபையின் கோயிலாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆகின. தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை, சங்கானை, அச்சுவேலி என்று அந்தக் கோயில்களை ஒவ்வொன்றாகப் பார்த்து விவரித்தவர் பிலிப்புஸ் பால்டேயுஸ். ஒல்லாந்தப் படையோடு வந்த போதகர். 1672இல் அம்ஸ்டர்டாமில் வெளியான அவருடைய பெரிய புத்தகத்தில் அந்தக் கோயில்களின் சித்திரங்களும் இருக்கின்றன. பால்டேயுஸ் கெட்ட மனிதர் என்று சொல்லவரவில்லை. தமிழ் படிக்க முயன்றவர், இந்த மண்ணைக் கவனித்துப் பார்த்தவர். அவர் பார்த்து எழுதிய கட்டடங்களுக்கு வெளியே, வீட்டுக்குள், இன்னொரு சமயம் நடந்துகொண்டிருந்தது.

குரு இல்லை என்றால் ஒரு கத்தோலிக்கருக்கு உண்மையில் என்ன இல்லாமல் போகும்? இதை விளங்கிக்கொள்ளாவிட்டால் அந்தக் காத்திருப்பின் பாரம் விளங்காது. ஞானஸ்நானம் போகாது. அவசர நேரத்தில் யாரும், ஒரு கிழவியும்கூட, தண்ணீரை ஊற்றி உரிய வார்த்தைகளைச் சொல்லிக் கொடுக்கலாம். அது செல்லும். செபமாலை போகாது. அதற்குப் புத்தகமும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். இருட்டில் விரலால் எண்ணிக்கொண்டே சொல்லி முடிக்கலாம். போவது பூசை. அதோடு நற்கருணை. பாவசங்கீர்த்தனம். சாகக் கிடக்கிறவருக்குப் பூசுகிற எண்ணெய். இவை நாலும் குருவின் கை இல்லாமல் நடக்காது. வருசத்துக்கு ஒருக்காலாவது பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்காக் காலத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்பது 1215ஆம் ஆண்டின் நாலாவது லாத்தரன் சங்கம் தொட்டுத் திருச்சபை போட்ட கட்டளை. அந்தச் சனம் 29 பாஸ்காவை அப்படிக் கடந்தது. 1658இல் பத்து வயதாக இருந்த ஒரு பிள்ளைக்கு 1687இல் 39 வயது. அதற்குள் அந்தப் பிள்ளை கலியாணம் முடித்து, பிள்ளை பெற்று, தாய் தகப்பனை அடக்கம் பண்ணி, ஒருநாளும் பூசை காணாமல், பேரப்பிள்ளைக்கே காத்திருக்கிற வயதுக்கு வந்திருக்கும்.

இங்கே ஒரு விசயம் எங்களை நிறுத்தி வைத்தது. கத்தோலிக்கப் போதனையில் ஆசைக்கு ஒரு இடம் இருக்கிறது. ஞானஸ்நானம் பெற விரும்பி, பெறாமலே இறந்தவருக்கு ஆசை ஞானஸ்நானம் என்கிறார்கள். குரு கிடைக்காத நேரத்தில், கடவுள் மேலுள்ள அன்பினால் வருகிற உத்தம மனஸ்தாபம் பாவத்தைப் போக்கும் என்று 16ஆம் நூற்றாண்டில் திரெந்து சங்கம் போதித்தது. ஆனால் அந்த மனஸ்தாபத்துக்குள், வாய்ப்புக் கிடைக்கும்போது பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற ஆசையும் இருக்க வேண்டும். நற்கருணையை வாயால் வாங்க ஏலாதபோது மனதால் வாங்குவதும் பழைய பழக்கம்தான். கவனித்துப் பாருங்கள். இந்த மூன்றிலும், கிடைக்காத ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு இருப்பதே அந்தக் கிடைக்காத பொருளின் ஒரு பகுதியாக எண்ணப்படுகிறது. அப்படியென்றால் காத்திருப்பு இரண்டு சம்பவங்களுக்கு நடுவில் கிடக்கிற வெறும் இடைவெளி ஆகாது. அதற்குள்ளேயே ஏதோ நடக்கிறது. சில்லாலையில் ஒரு கிழவன் இந்த இறையியலைப் படித்திருப்பான் என்று நாங்கள் கற்பனை பண்ணவில்லை. ஆனால் சாகிற நேரத்தில் மனஸ்தாப மந்திரத்தை அவனுடைய காதில் சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால், இறையியல் அங்கே நடந்துவிட்டது.

சரி, இது எல்லாம் வீரக் கதையா? இல்லை. இதை மறைத்தால் வரலாறு ஆகாது. பெரும்பாலான சனம் பகிரங்கமாக எதிர்த்து நிற்கவில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில் கலியாணம் தோம்பில் பதியப்பட வேண்டும். ஞானஸ்நானமும் அப்படித்தான். பதியாத கலியாணத்தில் பிறந்த பிள்ளைக்குக் காணி பூமியில் உரிமை கேட்பது கஷ்டம். உத்தியோகம் வேண்டுமென்றால் சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடம் போகாவிட்டால் தண்டப்பணம். ஆகவே சனம் போனது. ஞாயிற்றுக்கிழமை ஒல்லாந்தக் கோயிலில் இருந்து போதகர் சொன்னதைக் கேட்டது, பிள்ளைக்குப் பேர் பதிந்தது, வீட்டுக்கு வந்து சுவரில் ஒளித்து வைத்த குருசை எடுத்தது. சைவர்களும் இதையேதான் செய்தார்கள். தோம்பில் கிறிஸ்தவப் பேர், வீட்டில் விபூதி.

சைவர்களைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கத்தோலிக்கருடைய இந்தத் துன்பத்தைக் கதைக்கிற ஆட்கள் பலர் 1658இல் கதையைத் தொடங்குவார்கள். அதற்கு முன்னம் 1621இல் பிலிப் டி ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். போர்த்துக்கேயர் கொடுத்த சலுகைக்காகவும், போர்த்துக்கேயரின் பயத்தினாலும் கிறிஸ்தவர்களானவர்கள் ஏராளம். போர்த்துக்கேயருக்கு முறை வைத்துப் பசு கொடுக்க வேண்டி வந்தபோது, கொடுக்க மனமில்லாமல் இரவோடிரவாகச் சிதம்பரத்துக்குப் போன திருநெல்வேலி ஞானப்பிரகாசரின் கதையை எங்கட ஊர்ச் சைவப் பெரியவர்கள் இன்னும் சொல்லுவினம். சிதம்பரத்தில் அவர் பேரில் ஒரு குளம் இருக்கிறது. சைவர்களின் காத்திருப்பு முன்னமே தொடங்கிவிட்டது. கத்தோலிக்கரின் காத்திருப்பு, ஆள்கிற கை மாறியதும் அடுத்த வரிசையில் வந்து நின்றது.

இதனாலேயே எங்களுக்கு அந்த 29 வருசம் முக்கியமாகப் படுகிறது. 1658 வரைக்கும் கிறிஸ்தவனாக இருப்பதில் லாபம் இருந்தது. 1658க்குப் பிறகு கத்தோலிக்கனாக இருப்பதில் நட்டம்தான். முன்னையது எவ்வளவு தூரம் நம்பிக்கை, எவ்வளவு தூரம் சலுகை என்று பிரித்துப் பார்க்க யாராலும் ஏலாது. பிந்தியதில் சலுகை கழிந்துபோய், மிஞ்சியது மட்டும் நின்றது. ஐரோப்பியர் கொண்டுவந்து வைத்த ஒரு சமயம் எங்கட சனத்தின் சொந்தச் சமயமானது, ஐரோப்பியக் குருமார் ஒருவரும் இல்லாத அந்த இடைக்காலத்தில்தான் என்பது எங்கட எண்ணம்.

ஓடிப் போனவர்களும் உண்டு. 1670 அளவில், மாந்தையில் இருந்த இருபது குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போய், ஒல்லாந்தரின் கை முழுதாக எட்டாத இடம் தேடி, மருதமடுவில் வைத்தார்கள் என்பது மடுவின் மரபு. இன்றைக்கு ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் லட்சக்கணக்கில் சனம் போகிற மடு, தொடக்கத்தில் ஒரு அகதி இடம். அதே சுரூபம் 2008 ஏப்ரலில் சண்டைக்கு நடுவில் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டு ஆகஸ்டில் திரும்பியது. மாதா இடம்பெயர்ந்தா என்று அப்போது சனம் சொன்னது. 1670இலும் அதே வசனத்தைச் சொல்லியிருக்கலாம்.

இனி ஒரு கசப்பான கேள்வி. ஏன் 29 வருசம்? பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் தூத்துக்குடியிலும் மதுரையிலும் குருமார் இருந்தார்கள். கோவாவில் நிறைய இருந்தார்கள். வெள்ளைத் தோல் உள்ள குரு இங்கே இறங்கினால் கரையிலேயே பிடிபடுவார் என்பது விளங்குகிறது. அப்படியென்றால் கறுத்த தோல் உள்ள குருமாரை ஏன் அனுப்பவில்லை? அங்கேதான் விசயம். கோவாவில் உள்ளூர்க் குருமார் இருந்தார்கள்தான், ஆனால் ஐரோப்பியத் துறவற சபைகள் அவர்களைத் தங்களில் ஒருவராகச் சேர்க்க விரும்பவில்லை. மிஷன் வேலை அந்தச் சபைகளின் கையில். கிழக்கில் திருச்சபையை நடத்துகிற உரிமை போர்த்துக்கல் அரசனின் கையில், அந்த உரிமையை அவன் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. உள்ளூர்க் குருமார் தாங்களாகவே கூடி ஒரத்தோரியன் சபை என்று ஒன்றைக் கோவாவில் அமைத்த பிறகுதான் வழி திறந்தது. அந்தச் சபையிலும் பிராமணக் குடும்பத்துப் பிள்ளைகளைத்தான் சேர்த்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆக, யாழ்ப்பாணத்துச் சனத்தின் காத்திருப்பை நீட்டியதில் ஒல்லாந்தரின் கட்டளைக்கு எவ்வளவு பங்கோ, திருச்சபைக்குள் இருந்த நிற வேற்றுமைக்கும் அதிகாரப் போட்டிக்கும் அவ்வளவு பங்கு இருக்கிறது. "ஆண்டவர் சோதித்தார்" என்று இதை ஒரே வசனத்தில் மூடுகிறவர்களோடு எங்களால் ஒத்துப்போக ஏலாது. துன்பத்துக்கு மனிதக் காரணம் இருக்கும்போது அதைக் கடவுளின் தலையில் போடுவது பக்தி இல்லை. அந்தச் சனம் தங்கட காத்திருப்புக்குள் கடவுளைக் கண்டது என்பது ஒரு விசயம். கடவுள்தான் அவர்களைக் காக்க வைத்தார் என்பது முற்றிலும் வேறு விசயம்.

யோசப் வாஸ் 1651 ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவில் பெனாலிம் என்ற ஊரில் பிறந்தவர். கொங்கணிக்காரர். 1676இல் குருவானார். இலங்கைக் கத்தோலிக்கர் குரு இல்லாமல் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போக வேண்டும் என்று கேட்டார், உடனே விடவில்லை. அவரும் காத்திருந்தவர்தான். கன்னடக் கரையில் சில வருசம் பணி செய்தார், திரும்பி வந்து ஒரத்தோரியன் சபையில் சேர்ந்தார், 1686இல் யோவான் என்ற பணியாளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். தூத்துக்குடிக்கு வந்து, அங்கியைக் கழற்றி, பிச்சைக்காரக் கூலியின் உடுப்பில் கடல் கடந்தார். யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது வயிற்றோட்டத்தில் எழும்ப ஏலாமல் கிடந்தார். ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்ததாக அவருடைய சரிதங்கள் சொல்கின்றன. அந்தப் பெண்ணின் பேரை ஒருவரும் எழுதவில்லை. எங்கட வரலாற்றில் இது வழக்கம்தான்.

எழும்பி நடக்க முடிந்ததும் அவர் செய்தது, கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனது. யாருடைய கண் செபமாலையில் தங்குகிறது என்று பார்த்தார். வாயால் கேட்க ஏலாது, கேட்டால் இரண்டு பேருக்கும் ஆபத்து. ஒரு கதவில் கண் தங்கியது. அங்கிருந்து நூல் பிடித்ததுபோல் ஒவ்வொரு வீடாகக் கத்தோலிக்கரைக் கண்டார்.

இதே மாதிரி ஒன்று யப்பானிலும் நடந்தது, வேறு காலத்தில். அங்கே 1614இல் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டு, இரண்டு நூற்றாண்டுக்கு மேல் குரு இல்லாமல், ஞானஸ்நானத்தையும் செபங்களையும் மட்டும் பொத்திக் காத்த சனம் இருந்தது. 1865 மார்ச் 17ஆம் திகதி, நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஊரா கோயிலுக்குச் சிலர் வந்து, பிரெஞ்சுக் குருவிடம் மாதாவின் சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் குரு சனத்தைத் தேடினார், நாகசாகியில் சனம் குருவைச் சோதித்துப் பார்த்தது. இரண்டு இடத்திலும் அடையாளம் கண்டவர்கள் காத்திருந்தவர்கள்தான். 29 வருசத்தில் செபமாலை என்றால் என்னவென்று மறந்திருந்தால், வாஸ் அடிகளாரின் கழுத்தில் கிடந்தது வெறும் மணிமாலை. அவர் பிச்சை வாங்கிக்கொண்டு போயிருப்பார், கதை முடிந்திருக்கும்.

பண்டத்தரிப்புக்குப் பக்கத்தில் உள்ள சில்லாலையில் கத்தோலிக்கர் கூட இருந்ததால் அவரை அங்கே கூட்டிப் போனார்கள். பகலில் ஒளிப்பு, இரவில் வேலை. ஒரு வீட்டில் பூசை முடிய இன்னொரு வீடு. இரவு முழுக்கப் பாவசங்கீர்த்தனம். 29 வருசத்துப் பாவத்தை ஒரு மனிதன் எங்கே தொடங்கிச் சொல்லுவான்? ஒல்லாந்தக் கோயிலுக்குப் போனது பாவமா? தோம்பில் பொய்ப் பேர் கொடுத்தது பாவமா? காணிக்காகப் பதிந்த கலியாணம்? பாவசங்கீர்த்தன இரகசியம் வெளியே வராது, அதனால் எங்களுக்கு ஒருநாளும் தெரியவராது. ஆனால் அந்தக் கேள்விகளோடு அந்த வாசலில் வரிசையில் இருந்த சனத்தை நினைத்துப் பார்க்கலாம்.

முடிவு வந்துவிட்டது, இனிச் சந்தோசம் என்று கதை போகவில்லை. சில வருசத்துக்குள், ஒரு நத்தார் இரவில், கத்தோலிக்கர் பூசைக்குக் கூடியிருந்த வீடுகளை ஒல்லாந்தர் சுற்றி வளைத்தார்கள். அப்போது யாழ்ப்பாணத்தில் தளபதியாக இருந்தவர் ஃபுளோரிஸ் புளோம். நூற்றுக்கணக்கில் பிடித்தார்கள், அடித்தார்கள், தண்டம் போட்டார்கள். தொன் பேதுரு என்பவர் அடிபட்டே இறந்தார் என்று சரிதங்கள் கூறுகின்றன. வாஸ் அடிகளார் பிடிபடவில்லை. ஆனால் அவரை வைத்திருந்த சனம் பிடிபட்டது. நத்தாரோடு காத்திருப்பு முடியும் என்று சொல்கிற பிரசங்கத்துக்கு அந்த இரவு இடம் கொடுக்காது.

அவர் புத்தளத்துக்குப் போனார், அங்கிருந்து 1692இல் கண்டிக்கு. கண்டியில் போர்த்துக்கேய ஒற்றன் என்று குற்றம் சாட்டிச் சிறையில் போட்டார்கள். சிறையில் இருந்து சிங்களம் படித்தார். வரட்சிக் காலத்தில் அவர் செபிக்க மழை பெய்தது, ஆனால் அவர் மட்டும் நனையவில்லை என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரை நடமாட விட்டதற்கு அதைக் காரணமாகச் சொல்லுவினம். அந்தக் கதையைவிட எங்களைத் தொடுவது 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது நடந்தது. சனம் நோயாளிகளைக் காட்டில் விட்டுவிட்டு ஓட, அவர் அவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தார், கழுவித் துடைத்தார், செத்தவர்களை அடக்கம் செய்தார். யார் கத்தோலிக்கன், யார் புத்தசமயத்தவன் என்று கேட்கவில்லை. 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே இறந்தார். திரும்பக் கோவாவைக் காணவில்லை.

அவர் விட்டுப்போன ஒழுங்கு முக்கியமானது. ஒவ்வொரு ஊரிலும் மூப்பர், அண்ணாவியார் என்று பொறுப்பாளிகள். குரு வராத ஞாயிறுகளில் சனத்தைக் கூட்டிச் செபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பது, சாகக் கிடக்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பது அவர்களின் வேலை. அண்ணாவி என்ற எங்கட கூத்துச் சொல், மேற்குக் கரைச் சிங்களக் கத்தோலிக்கரிடம் அண்ணாவிறால என்று போய் நின்றது. குரு எப்போது வருவார் என்று தெரியாது என்பதை ஒரு தற்காலிகக் கோளாறாக எண்ணாமல், அதுதான் நிலைமை என்று ஏற்று அமைத்த ஒழுங்கு அது. காத்திருப்பு ஒரு வேலையாகி, அந்த வேலைக்கு ஆட்களும் நியமிக்கப்பட்டார்கள்.

அவருக்குப் பின் 1705இல் வந்தவர் யாகோமே கொன்சால்வெஸ் அடிகளார். அவரும் கோவாக்காரர், தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தவர். ஒல்லாந்தரிடம் 1737 தொட்டுக் கொழும்பில் அச்சுக்கூடம் இருந்தது, கத்தோலிக்கருக்கு இல்லை. கொன்சால்வெசின் நூல்கள் கையால் எழுதப்பட்டு ஊர் ஊராகப் போயின. அவற்றில் ஒன்றுதான் வியாகுலப் பிரசங்கம். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தவக்காலம் வந்தால் இழுத்து, அழுகிற குரலில் வாசிப்பார்களே, அதுதான். சின்ன வயதில் எங்களில் பலருக்கு அது நித்திரை வரவைக்கிற சத்தம். இப்போது யோசித்துப் பார்க்கிறோம். உயிர்ப்பைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கலாம். அந்தச் சனத்துக்கு ஆறுதல் வேண்டும், வெற்றி வேண்டும். ஆனால் அவர்கள் நெஞ்சில் வைத்துக்கொண்டது பாடுகளின் பிரசங்கம். சிலுவையடியில் மகன் சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற தாய், ஒன்றும் செய்ய ஏலாமல், ஆனால் அந்த இடத்தை விட்டுப் போகாமல். பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் நடுவில் ஒரு சனிக்கிழமை இருக்கிறது. வழிபாட்டில் அன்று பகல் ஒன்றும் நடக்காது. பீடம் வெறுமை, நற்கருணைப் பேழை திறந்து கிடக்கும். 29 வருசம் கோயில் அப்படிக் கிடந்த சனத்துக்கு அந்தச் சனிக்கிழமை அந்நியமாக இருந்திருக்காது.

இதை ஏன் இப்போது எழுதுகிறோம் என்று கேட்பீர்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் குந்தினார்கள். வருசங்கள் போய்விட்டன, பலர் பிள்ளையின் பேரைச் சொல்லிக்கொண்டே செத்தும் போனார்கள். அவர்களில் சைவரும் உண்டு, வேதக்காரரும் உண்டு. அவர்களைப் பார்த்து "பொறுமையாக இருங்கோ அம்மா, எல்லாம் ஆண்டவரின் நேரத்தில் நடக்கும்" என்று சொல்கிற ஆட்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதுவும் கஷ்டப்படாத ஆட்கள். காத்திருப்பின் அர்த்தத்தைச் சொல்ல உரிமை உள்ளவர்கள் காத்திருக்கிறவர்கள் மட்டும்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். வெளியில் நிற்கிறவன் அதைச் சொன்னால் அது ஆறுதல் ஆகாது, வாயை மூடு என்பதற்கு இன்னொரு பேர். 1670இல் மாந்தையில் இருந்த குடும்பங்களிடம் பொறுமையாக இருங்கள் என்று யாரும் சொல்லியிருந்தால், சுரூபம் மாந்தையிலேயே உடைந்திருக்கும். அவர்கள் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். லூக்கா எழுதிய சுவிசேசத்தில் வருகிற அன்னா என்ற கிழவி, எண்பத்துநாலு வயதில் கோயிலை விட்டு அசையாமல் இருந்து, கடைசியில் குழந்தையைக் கண்டதும் எல்லாரிடமும் போய்ச் சொன்னாள். கோயில் வாசலில் அவ்வளவு காலம் அசையாமல் இருக்கிற ஒரு கிழவி ஊருக்குக் கொஞ்சம் தொந்தரவாகத்தான் இருந்திருப்பாள். வீதியோரக் கொட்டிலில் படத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிற அம்மாவும் அப்படித்தான்.

ஒல்லாந்தர் 1796இல் போனார்கள். சட்டங்கள் உடனே போகவில்லை. கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கிய ஒழுங்குவிதி ஆளுநர் தோமஸ் மெயிற்லண்ட் காலத்தில், 1806இல் வந்தது. கோட்டை விழுந்ததில் இருந்து எண்ணினால் 148 வருசம். பிரித்தானியர் வந்து கட்டாயம் தளர்ந்ததும், தோம்பில் சீர்திருத்தச் சபையார் என்று இருந்த பெருந்தொகையான பேர் அந்தச் சபையை விட்டுக் கழன்றார்கள். சைவர் சைவராகவும் கத்தோலிக்கர் கத்தோலிக்கராகவும் வெளியே வந்தார்கள். சில்லாலையில் பூசை பகலில் நடக்கத் தொடங்கியது.